க்ளட்ச் இல்லாத பஸ்

1

இந்தக் கதையில் பாதியை ஒரு கடையிலிருந்து எடுத்து வந்தேன். நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் என் பள்ளித் தோழன். அவன் கடையில் நான் எதையும் வாங்குவதில்லை. திறந்து கிடக்கும் கணினிகளின் வயிற்றைப் பார்ப்பதற்காகவே போவேன். ஒரு மாலையில், ஒரு மதர்போர்டைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்:

“ஒரு பாய் வீட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு மாத்திக் குடுத்தேன்யா. பஸ் ஓட்டுற கேமு. பொண்ணு ஓட்டுனா நல்லா ஓடுது. அவரு ஓட்டுனா ஸ்கிரீன் அணைஞ்சிடுது. அதே பஸ்ஸு, அதே ரோடு. ஏன்னு சொல்லு பாப்போம்.”

விடையைச் சொல்ல வாயெடுத்தவனைத் தடுத்துவிட்டேன். இப்படி ஒரு புதிர் கைக்கு வருவது அபூர்வம். இயந்திரத்துக்கு ஆள் தெரியாது. தகப்பன் உட்கார்ந்தாலும் மகள் உட்கார்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் அந்த இரண்டு பேரில் ஒருவர் செய்து மற்றவர் செய்யாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்று நானே கண்டுபிடிக்க நினைத்தேன். அதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது, ஒரு மேசை தேவைப்பட்டது, இரண்டு மனிதர்கள் தேவைப்பட்டார்கள். எல்லாவற்றையும் செய்துகொண்டேன். இன்றுவரை வெற்றியிடம் விடையைக் கேட்கவில்லை.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். இது இப்படி இருண்டு போகும் என்று நினைக்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “வேலையை விட்ட பிறகு பக்ருதீனுக்கு மறுபடியும் ஒரு பஸ் கிடைத்தது.” அடித்துவிட்டேன். ஏதோ குலுக்கலில் பரிசு விழுந்தது போல இருக்கிறது.

இரண்டாவது: “பார்வை ஒரே நாளில் போவதில்லை, அது ஓரங்களிலிருந்து” (இங்கே நிறுத்தினேன். முதல் வரியிலேயே இப்படித் தொடங்கினால் கார்டைப் பற்றி எப்போது பேசுவது?)

மூன்றாவது: “ஹிபா தன் தகப்பனுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது அவருக்கு இன்னும்”. இதை முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பக்ருதீன் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். கண்ணில் நீர் அழுத்த நோய். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. அந்தத் தெரியாத பகுதி மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வரும். செய்தித்தாளைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது போல என்றார் டாக்டர். சொட்டு மருந்து இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. மூலக்குளத்தில் ஒரு நாள் இடப்பக்கம் வந்த சைக்கிளை அவர் பார்க்கவில்லை. கண்டக்டர் கத்தியதால் பிரேக் அடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் பஸ் சாவியைக் கழற்றி முதலாளியின் ஆளிடம் கொடுத்துவிட்டு, அதே பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு முல்லா வீதி வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. மகள் ஹிபா சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கணினி ஒன்று அவளிடம் இருந்தது. அதில் பஸ் ஓட்டும் விளையாட்டைப் போட்டு, ஸ்டியரிங்கும் இரண்டு பெடலும் கொண்ட ஒரு செட்டை வாங்கி மாட்டிக் கொடுத்தாள். ஆக்சிலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. கியர் தானாக மாறிக்கொள்ளும். முதல் நாள் பக்ருதீன் பக்கத்தில்கூட வரவில்லை. மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, ஸ்டியரிங்கின் பிடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரைக்கான படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு பழையது, அதில் படம் விட்டுவிட்டு ஓடியது. நமக்கு அது ஒரு சின்னத் தொல்லை, அவ்வளவுதான். திரை முழுவதும் ஒரே பார்வையில் தெரிவதால், விட்டுப்போன துண்டை மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும். பக்ருதீன் அந்தத் திரையில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் பார்க்கிறார். எதிரே வரும் லாரியைப் பார்த்துவிட்டு, கண்ணைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்து, மறுபடி லாரிக்கு வருவதற்குள் படம் ஒருமுறை தடுக்கினால், விட்ட இடத்தில் லாரி இருக்காது. அவர் அதைத் தேட வேண்டும். பஸ் ஓட்டிக்கொண்டே லாரியைத் தேடக் கூடாது.

ஹிபா வெற்றியின் கடைக்குப் போய்க் கேட்டது இதுதான்: அழகான படம் வேண்டாம், விட்டுப்போகாத படம் வேண்டும். வெற்றி வண்ண விளக்குகள் சுற்றும் பெரிய கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். அவள் அதற்கு ஒப்பவில்லை. அவள் செய்தது சரி என்பதை விளக்க எனக்கு ஒரு பஸ் போதும். கணினியில் ப்ராசஸர் என்பவர் கண்டக்டர். கிராபிக்ஸ் கார்டு டிரைவர். எங்கே நிற்க வேண்டும், யார் ஏறினார், யார் இறங்கினார் என்று எல்லாம் பார்த்து கண்டக்டர் விசில் ஊத வேண்டும். அதன் பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். மெதுவான கண்டக்டருக்கு எவ்வளவு வேகமான டிரைவரைக் கொண்டுவந்து போட்டாலும் அவர் விசிலுக்காகக் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஹிபாவின் ப்ராசஸர் பழையது. அதற்கு ஏற்ற நடுத்தரக் கார்டு ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்தாள். அம்மா சுரையாவின் தையல் டேப்பை எடுத்து வந்து, கணினியின் பெட்டியான கேபினெட்டுக்குள் நீளம் அளந்தாள். நீளம் சரியாக இருந்தது.

வெற்றி வீட்டுக்கு வந்து கார்டை மாட்டினான். கேபினெட்டின் பக்கக் கதவை மூடும்போது சற்று அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது.

(கடைசி வாக்கியம் முதல் வரைவில் இல்லை. விடை கிடைத்த பிறகு திரும்பி வந்து இங்கே வைத்தேன். கதை எழுதுகிறவருக்கு இந்த வசதி உண்டு. ஹிபாவுக்குக் கிடையாது.)

3

புது கார்டில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பக்ருதீன் வெகுநேரம் ஓட்டினார். பிறகு ஒரு பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது திரை அணைந்தது. கேபினெட்டின் விசிறிகள் ஓவென்று இரைந்தன. அதைக் கேட்டுத்தான் ஹிபா உள்ளே வந்தாள்.

கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். ஓடியது. அடுத்த நாள் ஒரு நாற்சந்தியில் அணைந்தது. அதற்கடுத்து ஒரு வேகத்தடையில்.

வெற்றியிடம் போனில் சொன்னதும் அவனுக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. நாற்சந்தியில் வண்டிகள் கூட்டம், நிறுத்தத்தில் ஆட்கள் கூட்டம். வரைய வேண்டியது அதிகமானால் கார்டு அதிக மின்சாரம் கேட்கும். பழைய பவர் சப்ளை அந்த நேரத்தில் திணறுகிறது. நல்ல விளக்கம். நானும் முதலில் இதைத்தான் எழுதினேன். ஹிபா பெரிய பவர் சப்ளை வாங்கினாள். போட்ட அன்றே, பஸ்ஸ்டாண்டுக்குள் நுழையும்போது அணைந்தது.

அடுத்து சூடு. வெப்பம் கூடினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஹிபா விசிறிகளைத் துடைத்தாள். கடற்காற்று வரும் வீட்டில் தூசியோடு உப்பும் படியும் என்பதால் கார்டைக் கழற்றி, மதர்போர்டில் செருகும் அதன் பொன்னிறப் பற்களையும் ரப்பரால் தேய்த்தாள். வெப்ப அளவைத் திரையின் மூலையில் ஓடவிட்டுப் பார்த்தாள். அது ஏறவே இல்லை. ஆனாலும் அணைந்தது.

பிறகு அவளே உட்கார்ந்து ஓட்டினாள். அதே நாற்சந்தி, அதே கூட்டம். ஒரு முழுப் பகல் ஓட்டினாள். ஒருமுறைகூட அணையவில்லை.

சமையலறையிலிருந்து சுரையா சொன்னாள்: “நெஜ பஸ்ஸு ஓட்டுனப்பகூட இவ்ளோ தடவ நடுரோட்ல நின்னதில்லங்க. ஒங்கள கண்டா அதுக்கே பயமா இருக்குது போல.”

பக்ருதீன் சிரிக்கவில்லை.

4

இந்த இடத்தில் பக்ருதீன் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. வாழ்நாள் எல்லாம் பஸ் ஓட்டியவர். குறுக்கே வருகிறவனை ஜன்னல் வழியே தலையை நீட்டி நாலு வார்த்தை கேட்டுப் பழகியவர். திரை அணைந்தால் அவர் கத்த வேண்டாமா? கத்த வைத்துப் பார்த்தேன். “ஏய் ஹிபா, இந்த சனியன் புடிச்ச பொட்டி மறுபடியும்” என்று ஆரம்பித்தேன். அந்த வரி அவர் வாயில் நிற்கவில்லை. திரை அணைந்த எந்தத் தடவையும் அவர் யாரையும் கூப்பிடவில்லை. விசிறி இரைச்சலைக் கேட்டு ஹிபாதான் உள்ளே போயிருக்கிறாள். முந்தைய பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், காரணம் தெரியாமல்.

காரணத்தைத் தேடி அந்த அறைக்குள் போனேன். வெளிச்சம் அவர் கண்ணைக் கூசச்செய்யும் என்பதால் பகலிலும் ஜன்னலைச் சாத்தி, கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அறையில் வெளிச்சம் என்று இருந்தது அந்தத் திரை மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விசிறிகள் இரைந்தன. ஹிபா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பக்ருதீன் இருட்டில் நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வலது கால் பிரேக்கின் மேல் அழுந்தி இருந்தது.

“எப்ப அணைஞ்சிது அத்தா?”

“அணைஞ்சிடுச்சா?” என்று கேட்டார்.

ஹிபா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

“சத்தம் வந்துகினே இருந்திச்சிமா. இஞ்சின் ஓடுது, படம் இல்ல. எனக்குத்தான் போயிடுச்சின்னு நெனச்சேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். ஜனங்க இருக்காங்க இல்ல.”

(இங்கே ஒரு விளக்கம் தேவை. படம் வருவது கிராபிக்ஸ் கார்டிலிருந்து. சத்தம் வருவது மதர்போர்டிலிருந்து. கார்டு மட்டும் செத்தால் திரை இருளும், ஆனால் கணினி கொஞ்ச நேரம் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். இஞ்சின் உறுமும், ஹாரன் அடிக்கும், பிரேக்கை மிதித்தால் உறுமல் அடங்கும். இதை நான் சாதாரண வன்பொருள் தகவலாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது என்ன என்று யோசித்ததில்லை.)

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைத்தாரா என்று ஹிபா கேட்டாள். கம்ப்யூட்டர் என்று தனக்குத் தெரியும் என்றார். தெரிந்தாலும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்லை.

“இது வேணாம் புள்ள. வித்துடு. அது வர்றப்ப வரட்டும். தெனம் தெனம் வந்து பாத்துட்டுப் போவ வேணாம்.”

5

ஆகவே இப்போது ஹிபாவுக்கு நேரம் அதிகம் இல்லை. கண் இருக்கும்வரை அவர் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தாள். கண் இருக்கும்போதே அவர் இறங்கிவிடப் பார்க்கிறார். கடைசியாக ஒரே ஒரு டிரிப் ஓட்டச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்து என்ன செய்வாள் என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன்.

பிறகு அவளைத் தரையில் உட்கார வைத்தேன்.

அது டிராயர் வைத்த பழைய ஸ்டீல் மேசை. வலப்பக்கம் முழுவதும் டிராயர்கள் என்பதால் கேபினெட்டை நேராக வைக்க இடமில்லை. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டிக் குறுக்காக வைத்திருந்தார்கள். அதன் பக்கக் கதவு, உட்காருபவரின் கால்களைப் பார்த்தபடி இருந்தது. எந்த விசிறி முதலில் இரைகிறது என்று கேட்பதற்காக ஹிபா மேசைக்கடியில் தலையை நுழைத்து, கையில் டார்ச்சோடு கேபினெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே பஸ் கிளம்பியது. அவள் கண்ணுக்கு முன்னால் தகப்பனின் இரண்டு பாதங்கள்.

வலது பாதம் ஆக்சிலேட்டரில். இடது பாதம் தரையில் சும்மா கிடந்தது.

பஸ் நிறுத்தத்தை நெருங்கியது. மேலே ஸ்டியரிங் சற்றுத் திரும்பியது. வலது பாதம் பிரேக்குக்குத் தாவியது. அதே நேரத்தில் இடது பாதம், யாரோ எழுப்பியது போலத் தரையை விட்டு எழுந்தது. முன்னால் நீண்டு காற்றில் எதையோ தேடியது. தட்டையான கேபினெட் கதவைத் தொட்டதும் தேடியது கிடைத்துவிட்டது போல நின்றது. பிறகு நிதானமாக, அவசரமில்லாமல், முழுவதுமாக அதை மிதித்தது.

மெல்லிய தகரக் கதவு ஒரு விரற்கடை உள்ளே அமுங்கியது. திரை அணைந்தது.

நாற்சந்தி, நிறுத்தம், வேகத்தடை. கார்டு திணறும் இடங்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தவை, ஒரு டிரைவர் கியர் மாற்ற இடது காலால் க்ளட்ச் மிதிக்கும் இடங்கள். ஹிபா ஓட்டப் பழகியது ஸ்கூட்டியில். அவளுடைய இடது காலுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

மீதி எளிது. கார்டின் நீளத்தை அளந்தார்கள், அகலத்தை அளக்கவில்லை. மதர்போர்டில் மாட்டிய கார்டு கதவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மின்சாரம் தரும் கேபிள் அந்த நீட்டிய விளிம்பில்தான் செருகப்படும். செருகிய கேபிள் வளைந்து திரும்ப இடம் வேண்டும். புது கார்டு பழையதைவிட அகலம். இடம் இல்லாததால் கதவே கேபிளை அமுக்கிக்கொண்டு இருந்தது. வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் அமுக்கினால் கேபிளின் தலை சாயும், தொடர்பு விடும். ஹிபா கணினியை மறுபடி போட்டு, காலுக்குப் பதில் உள்ளங்கையால் கதவை அழுத்திப் பார்த்தாள். அணைந்தது.

6

புதிர் தீர்ந்தது. கதை தீரவில்லை. மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ஹிபா எதையும் சொல்லாமல், ஏதோ வயர் லூஸ் என்று மட்டும் சொல்லிக் கேபினெட்டை இடம் மாற்றிவிடுகிறாள். அவரும் நிம்மதியாக ஓட்டுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு யோசித்தேன். வயர் மறுபடியும் லூஸ் ஆகலாம்; இனிமேல் இருட்டு வந்தால் அது வயரா, கண்ணா என்ற சந்தேகம் அவரை விடாது. அதைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் மேசை பழைய தையல் மிஷின் மேசையாக இருக்கிறது. அதன் மிதிகட்டையே அவருக்கு க்ளட்ச் ஆகிவிடுகிறது. இவ்வளவு வசதியாக எந்த வீட்டிலும் மேசை இருக்காது. அதுவும் போயிற்று.

மூன்றாவதில் அவள் சொல்லிவிடுகிறாள்.

“ஒங்க காலுதான் அத்தா. க்ளட்ச்ச மிதிக்குது.”

பக்ருதீன் தன் இடது காலைப் பார்க்க முயன்றார். கீழ்ப்பக்கப் பார்வையும் அவருக்குக் குறைந்துவிட்டதால், தலையை நன்றாகக் குனிந்து, மகள் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் தேடித்தான் பாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நா வண்டிய வுட்டத இதுக்கு இன்னும் யாரும் சொல்லல போலருக்கு” என்றார்.

வாசலில் வந்து நின்ற சுரையா, “தூக்கத்துலயே என்னய மிதிக்கிற காலு அது. இப்பதான் கண்டுபுடிச்சீங்களா ரெண்டு பேரும்?” என்றாள். இந்த முறை அவர் சிரித்தார். விற்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கேபினெட்டை மேசை மேல் தூக்கி வைத்தார்கள். திரை அணையவில்லை. ஆனால் பக்ருதீனின் ஓட்டம் கெட்டது. நிறுத்தத்துக்கு முன்னால் நிற்க வேண்டியவர் தாண்டிப் போய் நின்றார். ஒரு திருப்பத்தில் பஸ் தடுப்புச்சுவரில் இடித்தது. மிதிக்க எதுவும் இல்லாத இடத்தில் இடது கால் நீண்டு, சுவர்வரைக்கும் போய், ஒவ்வொரு தடவையும் அவரைக் குலுக்கியது. “கால் வுழுவுதும்மா” என்றார். கண் பார்க்காததைச் சொல்ல அவரிடம் இருந்தது அந்தக் கால்தான். வண்டி எந்த வேகத்தில் இருக்கிறது, எப்போது விடலாம் என்று அதுதான் அவருக்குச் சொல்லிவந்தது. நாங்கள் அதன் அடியிலிருந்து தரையை எடுத்துவிட்டோம்.

7

அந்தக் கண்களுக்கு இனி என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நோய் தெரிந்த எவருக்கும் தெரியும். அந்த நாளை நான் எழுதப் போவதில்லை. திரை எரிந்துகொண்டே இருந்து, அறையில் ஒருவருக்கு மட்டும் இருட்டாகும் மதியம் அது. அப்போது அவர் மகளைக் கூப்பிடுவாரா, அல்லது முதலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் கூப்பிடுவாரா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இஞ்சின் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் அதைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

என்னால் சொல்ல முடிந்தது கேபினெட்டும் காலும் பற்றியது மட்டும். அதைச் சொல்கிறேன்.

கேபினெட் மேசை மேலேயே இருக்கிறது. கார்டின் கேபிளில், பக்கவாட்டில் திரும்பும் சிறிய இணைப்பு ஒன்றை வெற்றி மாட்டிக் கொடுத்தான். இப்போது கதவு அமுக்காமல் மூடுகிறது. மேசைக்கு அடியில் கேபினெட் இருந்த இடத்தில், சுரையா ஒதுக்கி வைத்திருந்த சப்பாத்திப் பலகையைக் கீல் போட்டுச் சாய்வாகப் பொருத்தி, அதன் பின்னால் ஹிபாவின் பழைய ஸ்கூட்டி ஸ்டாண்டின் ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார்கள். பலகை எதனோடும் இணைக்கப்படவில்லை. நிறுத்தம் வருகிறது, பக்ருதீன் இடது காலால் அதை மிதிக்கிறார், கியர் தானாக மாறுகிறது, பஸ் சரியான இடத்தில் நிற்கிறது.